காஞ்சியிலிருந்து கடல்கடந்த கலை

ஒரு கலையை இகழ்வோர் அதனைக் காத்தவரின் பிறப்பையே முதலில் இகழ்வர். இதற்குச் சான்றாக, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய வரலாறொன்றை ஈண்டு நினைவுகூர்கிறோம்.

1918இல் பிறந்த தஞ்சாவூர் பாலசரசுவதி, வீணை தனம்மாளின் பேர்த்தி, தேவதாசி மரபினர். ஏழாம் அகவையில், 1925இல், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அந்நாளில் சதிர் எனப்பட்ட ஆடலும், அதை ஆடிய மகளிரும் இழித்துரைக்கப்பட்டனர். 1930களில் சதிர் ‘பரதநாட்டியம்’ ஆயிற்று. உயர்ந்தோர் எனப்பட்ட குடும்பத்துப் பெண்களும் ஆடலாயினர். கலை மதிப்புற்றது, அதைக் காத்த மரபினர் பலர் மேடையினின்று மறைந்தனர்.

பாலசரசுவதியோ மறைந்தாரில்லை. 1923இல் இலண்டனில் அன்னா பாவ்லோவாவுடன் ஆடிய உதயசங்கர், இந்திய ஆடலை மேனாட்டார்க்குப் புதுமுறையில் காட்டினார். பாலசரசுவதியோ மரபு வழுவாமல் 1962இல் அமெரிக்காவிலும், 1963இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரை நாடி வந்தன. 1984இல் மறைந்தார்.

அவர் நம் வகுப்பினர் அல்லர். எனினும் அவர் வாழ்வு நமக்குப் பாடமாகும். ஊரார் ஏவலுக்குக் கட்டாயமாகப் பறை முழக்க நம் முன்னோர் மறுத்தது நேர்மையே. ஆயின் இழிவு அக்கட்டாயத்தில் இருந்ததேயன்றிப் பறையில் இல்லை. நாம் நாணிக் கைவிடுவதை நாளை பிறர் பெயர் மாற்றிப் போற்றுவர்; நம் பெயரோ அதில் இராது. இளைஞர்களே, கல்வியோடு நம் கலையையும் தலைநிமிர்ந்து கற்பீர்!