அமாவாசைக்கு ஒரு கணக்கு

1988-ல் பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் மனையியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் மாதமே குடும்ப வரவு செலவுப் பாடம் வந்தது. கணவர் சம்பளம், வாடகை, மளிகை, சேமிப்பு என்று கரும்பலகையில் கட்டம் போட்டேன். பின்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"டீச்சர், எங்க வீட்ல சம்பளமே கிடையாதே. அம்மா பாசிக்குப் போனாத்தான் காசு. அதை எந்தக் கட்டத்துல எழுத?"

பதில் தெரியாமல் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குள் முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனியெல்லாம் கீறல். "நமக்கு ஒண்ணாந்தேதி ஏது டீச்சர்? அமாவாசைக்கு ஒரு கணக்கு, பௌர்ணமிக்கு ஒரு கணக்கு" என்றார். வட்டி, மொய், பிள்ளையின் நோட்டு எல்லாம் அந்த இரண்டு கணக்குக்குள் அடங்கின. அந்தப் பாசியிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். செய்முறை வகுப்பில் அதைக் காய்ச்சி இனிப்பு செய்யவைத்து மதிப்பெண் போட்ட எனக்கு, அதை எடுத்த கையை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது.

மனையியல் என்ற இந்தத் துறை 1899-ல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் எல்லன் ரிச்சர்ட்ஸ் முதலானோர் கூடிப் பேசியதில் உருவெடுத்தது. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-ல் வந்தது, கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல். ஓஹியோவில் படித்துத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் கோவைக் கல்லூரியை ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்குப் பேர்போன இடமாக வளர்த்தார். அந்தப் படிப்பு எத்தனையோ பிள்ளைகளின் சோகையையும் வயிற்றுப்போக்கையும் தீர்க்க உதவியது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் புத்தகத்தில் இருந்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான்: சம்பாதிக்கும் அப்பா, சமைக்கும் அம்மா, இரண்டு பிள்ளைகள்.

எங்கள் கரையில் அது பொருந்தவே இல்லை. கீழக்கரையில் பல குடும்பங்களில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்தவர் சில மாதத்தில் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டால், கொல்லைச் சுவர் பூசுவதிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது வரை அந்தப் பெண்ணும் அவள் தாயாரும்தான் பார்ப்பார்கள். 'மணமானபின் பெண் கணவன் வீட்டுக்குச் செல்கிறாள்' என்று அங்கே பாடம் நடத்தினால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

நான் கட்டத்தை மாற்றினேன். 'கணவர் சம்பளம்' என்ற இடத்தில் 'வீட்டுக்கு வரும் காசு, கொண்டுவருபவர், வரும் நாள்' என்று எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், புத்தகத்தில் இல்லாததை நடத்தக்கூடாது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். நான் பழையபடி மாற்றவில்லை.

துறையும் மெல்ல நகர்ந்தது. 1994-ல் அமெரிக்கச் சங்கம் தன் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று மாற்றிக்கொண்டது. இங்கே வேளாண் பல்கலைக்கழகங்களில் மனையியல் இப்போது சமுதாய அறிவியல். மதுரை மனையியல் கல்லூரியின் பலகையிலும் அந்தப் பெயர்தான். எங்கள் பாசிப் பெண்கள் பெயருக்கெல்லாம் காத்திருக்கவில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு நெருக்கடி கூடியபோது, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வரவைத் திட்டமிடுவதை அவர்களுக்கு எந்த மனையியல் டீச்சரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தக் கரையில் இன்று இந்தப் பாடம் நடத்தும் தங்கைகளே, கட்டம் போடுமுன் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். அப்படியே பையன்களையும் வகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் ஓய்வுபெறும் வரை என் வகுப்பில் ஒரு பையன்கூட உட்கார்ந்ததில்லை.