நடுநிலை நாட்டின் அணுகுண்டு

நாங்கள் கோப்பை கழுவுகின்ற றெஸ்ரோறன்ரின் நிலவறைக்கு ஒரு கதவு உண்டு. ஒரு சாண் தடிப்பு, உள்ளே கொங்கிறீட். அதை அசைக்க நல்ல பலம் வேண்டும். உள்ளே உருளைக்கிழங்கு மூட்டைகளும் வைன் போத்தல்களும்தான். வந்த புதிதில் விலை கூடிய வைனுக்காகத்தான் இந்தக் காவல் என்று நினைத்தோம். அணுகுண்டு விழுந்தால் ஒளிப்பதற்கு என்று முதலாளி சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

பங்கர் எங்களுக்குப் புதிதல்ல. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இருநூறு வருடமாகச் சண்டைக்குப் போகாத நாட்டில் வீட்டுக்கு வீடு பங்கர் எதற்கு? 1963இல் சட்டம் கொண்டுவந்து கட்டத் தொடங்கினார்கள். இப்போது மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட காப்பறைகள், ஏறக்குறைய 90 இலட்சம் பேருக்கு இடம். நாட்டுக்குள் வாழும் அத்தனை பேருக்கும் போதும். அகதிக்கும் உண்டு. அகதி விண்ணப்பம் கொடுத்த முதல் மாதங்களில் எங்களைப் படுக்க விட்டதும் ஜன்னல் இல்லாத அப்படியொரு நிலத்தடிக் கட்டடத்தில்தான்.

அணுகுண்டுக்கு இவ்வளவு பயந்த நாடு அதைத் தடைசெய்வதில் முன்னுக்கு நிற்கும் என்றுதான் எண்ணியிருந்தோம். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எங்களுக்கு, வேலை முடிந்த இரவுகளில் நூலகப் புத்தகம் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. படித்தபோது தெரிந்த கதை வேறாக இருந்தது.

1945 செப்ரெம்பர் 8ஆம் திகதி செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர் மார்செல் யூனோ ஹிரோஷிமாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மருந்துப் பெட்டிகளோடு அந்தச் சாம்பலுக்குள் போன சுவிஸ்காரர். நொய்சத்தல் நகரில் பிறந்தவர். இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 5ஆம் திகதி, இராணுவ அமைச்சர் கார்ல் கோபெல்ற் அறிஞர்களையும் தளபதிகளையும் கூட்டினார். அங்கே அணுசக்திக்கான ஆய்வுக் குழு ஒன்று பிறந்தது. தலைவர் சூரிச்சின் பேர்பெற்ற பௌதிகப் பேராசிரியர் பவுல் ஷெரர். வெளியுலகுக்கு அது விஞ்ஞான ஆய்வு. இரகசியக் கட்டளையோ, சுவிஸுக்கென்று ஒரு குண்டு செய்ய வழி பார் என்பது. ஒரே நாட்டிலிருந்து ஒருவர் காயத்துக்கு மருந்து கட்டப் போகிறார், இன்னொருவர் அந்தக் காயத்தை உண்டாக்கும் வித்தையைக் கேட்கிறார்.

1950களில் பெல்ஜியத்தின் குடியேற்றமாக இருந்த கொங்கோவில் தோண்டிய யுரேனியம் 10 தொன் அளவில் வாங்கப்பட்டது. பாதி ஆய்வு உலைக்குப் போனது, பாதி இருப்பில் கிடந்தது. 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தது இங்கே எல்லோரையும் உலுக்கியிருந்தது. 1958 ஜூலை 11ஆம் திகதி சமஷ்டி அரசு பகிரங்கமாகவே சொன்னது: சுதந்திரத்தைக் காக்கவும் நடுநிலைமையைப் பேணவும் இராணுவத்துக்கு அணுவாயுதம் வேண்டும். நடுநிலைமை என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சனங்கள் சும்மா இருக்கவில்லை. கையெழுத்துச் சேர்த்து, அணுவாயுதத்தை அரசியலமைப்பிலேயே தடைசெய்யக் கேட்டார்கள். 1962 ஏப்ரல் 1ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 65 வீதத்தினர் அந்தத் தடையை நிராகரித்தார்கள். ஆதரித்த மாநிலங்கள் நான்கு: ஜெனீவா, வோ, நொய்சத்தல், திச்சினோ. வாக்களித்தவர்கள் முழுப்பேரும் ஆண்கள். சமஷ்டி மட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். தடையை ஆதரித்த நான்கில் மூன்று, தங்கள் மாநில அளவில் பெண்களுக்கு 1959இலும் 1960இலும் வாக்குரிமை கொடுத்துவிட்டவை. இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் எங்களால் அதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியவில்லை. குண்டு வாங்குவதென்றால் மக்களைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற இன்னொரு பிரேரணையும் 1963 மே மாதம் தோற்றது.

குண்டு வராமல் போனதற்குக் காரணம் மனச்சாட்சி அல்ல, பெரும்பாலும் காசு. 1961இல் 100 மிராஜ் விமானங்களுக்கு ஓடர் கொடுத்தார்கள். செலவு எகிறி 1964இல் பெரிய ஊழலாக வெடித்து, கடைசியில் வந்தவை 57. 1969 ஜனவரி 21ஆம் திகதி லூசன்ஸ் என்ற ஊரில், மலையைக் குடைந்து கட்டிய சொந்த அணு உலை உருகியது. உயிர்ச்சேதம் இல்லை, உலை போய்விட்டது. அந்த வருட நவம்பரில் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சுவிஸ் கையெழுத்திட்டது. அதை ஏற்று உறுதிசெய்ய 1977 வரை எடுத்தது. குண்டுக்கான கடைசிக் குழு கலைக்கப்பட்டது 1988 நவம்பரில். எங்கள் மாமன்மார் இங்கே வந்து பனிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. பழைய உலையிலிருந்து எடுத்த சுமார் 20 கிலோ புளூட்டோனியம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது 2016இல்.

இனிக் கிட்டடிக் கதை. 2017 ஜூலை 7ஆம் திகதி ஐ.நா.வில் அணுவாயுதங்களை அடியோடு தடைசெய்யும் ஒப்பந்தம் நிறைவேறியது. ஆதரவு 122, எதிர்ப்பு நெதர்லாந்து மட்டும், சிங்கப்பூர் ஒதுங்கியது. சுவிஸ் ஆதரித்தே வாக்களித்தது. அதற்காக உழைத்த ஐக்கான் இயக்கத்தின் தலைமையகம் ஜெனீவாவில். அந்த வருட நோபல் சமாதானப் பரிசும் அவர்களுக்குத்தான். ஆனால் 2018 ஓகஸ்ட்டில் அரசு கையெழுத்திட மாட்டேன் என்றது. கையெழுத்திடு என்று அதே வருடம் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும் பணித்தன. அரசு இழுத்தடித்து, 2024 மார்ச் 27ஆம் திகதி மறுபடியும் இப்போதைக்கு இல்லை என்றது.

காரணம்? அணுவாயுத நாடுகள் சேராத ஒப்பந்தத்தால் பயனில்லை என்பது ஒன்று. உண்மையானது 2018இன் அரச அறிக்கையில் கிடக்கிறது. எங்களை யாராவது தாக்கினால் நாங்கள் வேறு நாடுகளோடு சேரவேண்டி வரலாம், அவை அணுவாயுத நாடுகளாகவும் இருக்கலாம், கையெழுத்து வைத்துவிட்டால் அவர்களின் குடைக்குள் போக முடியாது. 1958இல் நடுநிலைமைக்குச் சொந்தக் குண்டு தேவைப்பட்டது. இப்போது அதே நடுநிலைமைக்கு மற்றவனின் குண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சிறிய நாட்டின் பயத்தை நாங்கள் பரிகசிக்கவில்லை. 2022இல் உக்ரைனில் நடந்ததைப் பார்த்த பிறகு அது பொய்ப் பயமும் அல்ல. ஆனால் ஒஸ்ரியாவும் அயர்லாந்தும் நடுநிலை நாடுகள்தான், இதே ஐரோப்பாவில்தான் இருக்கின்றன. அவை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன.

இலங்கையும் 2023 செப்ரெம்பர் 19ஆம் திகதி சேர்ந்துவிட்டது. இதைக் குசினியில் சொன்னபோது, அடுப்படியில் நின்ற அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவங்கள் எங்களுக்குப் போட்டது அணுகுண்டு இல்லைத்தானே, பிறகென்ன, கையெழுத்து வைக்கிறதுக்கு என்ன கஷ்டம்?" யாரும் பதில் சொல்லவில்லை. துரத்திய நாடு தடைக்குள்ளே, அடைக்கலம் தந்த நாடு வெளியே.

2024 ஜூலையில் இங்கே மறுபடியும் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள், ஒப்பந்தத்தில் சேருமாறு அரசைக் கட்டாயப்படுத்தும் மக்கள் பிரேரணைக்காக. புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை பலகையையும் பேனையையும் நீட்டினாள். நாங்களும் வாங்கிவிட்டோம். பிறகுதான் கேட்டாள், சுவிஸ் பிரஜைகள்தானே என்று. இல்லை என்றோம். மன்னிப்புக் கேட்டுப் பேனையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தாள். பத்து மணிக்கு வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு எடுக்கக் கீழே இறங்கினோம்.