அஸ்ஸூலி விட்டுச்சென்ற புதிர்

புலமைப்பரிசில் வினாத்தாள்களைப் பிள்ளைகளுக்குச் செய்விக்கும்போது, பிள்ளை சற்றுத் திணறினாலே என் வாய் விடையைச் சொல்லிவிடுகிறது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக இப்படித்தான். ஆசிரியர் கலாசாலையில் படித்ததெல்லாம் இதற்கு நேர்மாறானது என்பது வேறு விடயம். இந்தக் குறை உறுத்தும்போதெல்லாம் பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்வேன்.

அபூபக்ர் அஸ்ஸூலி கவிஞர்களின் திவான்களைத் தொகுத்தவர். அப்பாஸிய கலீபாக்களின் வரலாற்றை எழுதியவர். பின்னாளில் கலீபாவான அர்ராழிக்கு இளமையில் பாடஞ் சொன்னவர். இவ்வளவு செய்தவரை உலகம் சதுரங்கத்தால்தான் அதிகம் அறியும். இலக்கியக்காரர்களாகிய நமக்கு இது கொஞ்சம் வருத்தந்தான்.

இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியே அறபிகளிடம் வந்த அவ்விளையாட்டை அவர்கள் ஷத்ரஞ்ச் என்றார்கள். இன்றைய இராணியின் இடத்தில் அன்று நின்றது 'பிர்ஸ்' என்னும் மந்திரி. அது மூலைவாட்டில் ஒரேயொரு கட்டம் மட்டுமே நகரும். ஆகவே 64 கட்டங்களில் 32ஐ அது ஒருபோதும் மிதிக்காது. இப்படி ஊர்ந்து செல்லும் ஆட்டத்தில் கைவேகத்துக்கு வேலையில்லை, யோசனைக்கே வேலை. படையை எப்படி அணிவகுப்பது என்று ஆராய்ந்தார்கள். இறுதிக்கட்டங்களைப் புதிர்களாக்கி 'மன்ஸூபா' என்றார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்அத்லீ இக்கலைக்கு ஒரு நூல் எழுதினார். பின்வந்த அஸ்ஸூலி அந்நூலைத் தயவின்றி விமர்சித்தார்.

கலீபா அல்முக்தபியின் (902–908) அவையில் அல்மாவர்தீ என்பவரே செல்ல ஆட்டக்காரர். அஸ்ஸூலியோடு அவர் மோதியபோது கலீபா வெளிப்படையாகவே அவர் பக்கம் நின்றார். முதலில் தடுமாறிய அஸ்ஸூலி பின்னர் தெளிவாக வென்றார். மாவர்தீ என்றால் பன்னீர்க்காரர். தோற்றவரிடம் கலீபா, உன் பன்னீர் மூத்திரமாகிவிட்டதே என்றாராம். மஸ்ஊதி சொல்லும் கதை இது. அரசர்களின் அன்பு அவ்வளவுதான்.

அஸ்ஸூலி விட்டுச்சென்ற ஒரு புதிர் 'அஸ்ஸூலியின் வைரம்' எனப்படுகிறது. பலகையில் நான்கே காய்கள்: இரு அரசர்கள், இரு மந்திரிகள். எதிரியின் மந்திரியை வெட்டி, அரசனைத் தனியாக்கினால் அன்றைய விதிப்படி வெற்றி. பார்வைக்குச் சிறுபிள்ளை விளையாட்டு. தான் கற்பித்தவரைத் தவிர வேறெவராலும் இதைத் தீர்க்க முடியாது என்று அவர் எழுதிவைத்தார். அவரது தீர்வு நம் கைக்கு வந்து சேரவில்லை. 940இல் அர்ராழி இறந்தபின் அவர் செல்வாக்கு இழந்து, 946 அளவில் பஸராவில் காலமானார். புதிர் ஆயிரம் வருடம் காத்திருந்தது. 1980களில்தான் சோவியத் கிராண்ட் மாஸ்டர் யூரி அவெர்பாக் அதை அவிழ்த்தார்.

விடையைப் பரவலாக எழுதிவைக்காதது கர்வமென்றே நெடுநாள் கோபப்பட்டேன். அறிவைப் பூட்டிவைப்பவன் என்ன ஆசிரியன்? இப்போது அவ்வளவு உறுதியில்லை. விடையும் கூடவே வந்திருந்தால், அவெர்பாக் அந்த நான்கு காய்களின் முன் உட்கார்ந்திருப்பாரா?

சென்ற தவணையில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி, விடை சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். மறுநாள் மூன்று பெற்றோர் அதிபரிடம் முறையிட வந்துவிட்டார்கள். "சேர் படிப்பிக்கிறாரில்ல" என்பது குற்றச்சாட்டு. நான்காம் நாள் பின்வாங்குப் பிள்ளையொன்று கொப்பியை நீட்டியது. விடை பிழை. ஆனால் அது போன வழியை நான் அதுவரை யோசித்ததேயில்லை. இடைவேளை மணியடித்தும் நாங்கள் இருவரும் அந்தக் கொப்பியைப் பார்த்தபடி இருந்தோம்.