நகலின் வயது

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூரில், பெரியவர் ஒருவர் தன்னிடமிருந்த காகிதக் கட்டைப் பார்க்கக் கொடுத்தார். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே ஒரு தாள். நிலத்தீர்வை கட்டியதற்கான ரசீதின் நகல் அது. பெயர் பாதி அழிந்திருந்தது. தொகை தெளிவில்லை. 'பசலி 1389' என்பதை மட்டும் ஐயமின்றிப் படிக்க முடிந்தது.

பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்காண்டு. ஜூலை 1-ல் தொடங்கி மறு ஜூனில் முடியும். அந்த எண்ணோடு 590-ஐக் கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைக்கும். ஆக 1389 என்பது 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை. கல்வராயன் மலைக்கு அந்தக் காலம் சாதாரணமானதல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1976-ல், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோதுதான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஜாகீர் என்றால் வரி தண்டும் உரிமையோடு தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கப்பட்ட நிலப்பகுதி. அது முடிந்த கையோடு ஒரு குடியானவர் அரசுக்கே தீர்வை கட்டியதைக் காட்டும் காகிதம் என்றால், வரலாற்று மாணவனுக்கும் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கும் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அது செல்லாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "தாள் புதுசா இருக்கு, எழுத்து கம்ப்யூட்டர்ல அடிச்சாப்ல இருக்கு, 79-ல ஏது இந்த மிஷினுன்னு கேக்குறாங்க சார்" என்றார் பெரியவர். நியாயமான கேள்விதான். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நகல் எப்போது எடுக்கப்பட்டது? நகல் புதிது என்றால் அதில் உள்ள செய்தியும் புதிதாகப் புனையப்பட்டதா? முதல் கேள்விக்குத் தாளே பதில் சொல்லக்கூடும் என்று தோன்றியது.

கணினியில் மாட்டும் சிறு நுண்ணோக்கியை எழுத்தின் மேல் வைத்தேன். கறுப்பு, தாளின் இழைகளுக்குள் ஊறவில்லை. மேலே மேடாக உருகி ஒட்டி லேசாக மினுங்கியது. கார்பன் தாளின் படியோ, சைக்ளோஸ்டைலோ, மைதெளிப்பு அச்சோ இப்படி இருக்காது. இது டோனர் தூள். சூட்டில் உருக்கி ஒட்டப்பட்டது. எலக்ட்ரோபோட்டோகிராபி என்னும் உலர் நகல் முறையின் கைரேகை.

அந்த முறையின் பிறப்பே ஒரு நூலக வேட்டைதான். நியூயார்க்கில் மின்கருவி நிறுவனம் ஒன்றின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன், காப்புரிமைப் பத்திரங்களுக்குப் போதுமான படிகள் கிடைக்காமல் அலுத்தவர். நகரப் பொது நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோது, பால் செலெனி என்ற ஹங்கேரிய இயற்பியலாளரின் கட்டுரை கண்ணில் பட்டது. மின்னூட்டத்தால் உருவம் வரைந்து அதில் தூளை ஒட்டவைக்கும் வழி அதில் இருந்தது. 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா என்ற பகுதியில் வாடகை அறை ஒன்றில், உதவியாளர் ஓட்டோ கோர்னேயுடன் அவர் செய்து பார்த்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டினார்கள். அன்றைய தேதியும் இடப்பெயரும் மையால் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து விளக்கைக் காட்டினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்தது; எழுத்தின் நிழலில் தங்கியது. லைக்கோபோடியம் என்ற செடியின் நுண்தூளைத் தூவி ஊதினால், எழுத்து மட்டும் நின்றது. மெழுகுத்தாளை அழுத்தி அதை எடுத்துக்கொண்டார்கள்.

1939 ஏப்ரலில் விண்ணப்பித்து 1942 அக்டோபர் 6-ல் வழங்கப்பட்ட 2,297,691 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை இன்று யாரும் படிக்கக் கிடைக்கிறது. முதல் நகலின் தேதியையும் ஊரையும் அந்த நகலிலேயே எழுதிவைத்த கார்ல்சனின் முன்யோசனை, ஆவணம் தேடுகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டியது. நம் பெரியவரின் நகலை எடுத்தவருக்கு அது தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி ஆசை காட்டியது. பொத்தானை அழுத்தினால் சாதாரணத் தாளில் நகல் தரும் செராக்ஸ் 914 அமெரிக்காவில் 1959-ல் வந்தது. இந்தியாவில் மோடி செராக்ஸ் கூட்டு நிறுவனம் 1983-ல்தான் தொடங்கியது. எனவே 1979-ல் இந்த நகல் இருந்திருக்க முடியாது என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு முன்பும் பெரிய அலுவலகங்களுக்கு இறக்குமதி இயந்திரங்கள் வர வழியிருந்தது. நிறுவனம் தொடங்கிய ஆண்டு நிகழ்தகவைத்தான் தருகிறது, எல்லைக் கோட்டைத் தருவதில்லை. தாளிலிருந்தே இன்னும் வலுவான சாட்சி வேண்டும்.

அது எழுத்தின் ஓரத்தில் கிடைத்தது. வளைவுகள் வழுவழுப்பாக இல்லை, படிக்கட்டாக இறங்கின. ஒரு படி ஒரு அங்குலத்தில் அறுநூறில் ஒரு பங்கு. கண்ணாடி மேல் வைத்த தாளின் ஒளியை வில்லை வழியாக, மின்னூட்டிய உருளையான டிரம்மில் நேரே விழவைத்த பழைய நகல் இயந்திரத்தில் படிகளே வராது. இது உருவத்தைப் புள்ளிகளாகப் பிரித்து மீண்டும் எழுதிய இயந்திரம். அலுவலக மேசைக்கு வந்த முதல் எச்.பி. லேசர்ஜெட் 1984-ல் அங்குலத்துக்கு 300 புள்ளி. அதே வரிசையில் 600 வந்தது 1992-ல். முதல் கேள்விக்கு இதுவே ஏறத்தாழப் பதில். ஆனால் 'எழுத்து கம்ப்யூட்டர்' என்று சொன்னவர் பக்கம்தான் இது சாய்கிறது.

அடுத்து ஒரு வெள்ளைக் கோடு. தலைப்பிலிருந்து அடிவரை முடியை விட மெல்லியதாக, கறுப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை வெட்டிக்கொண்டு போனது. அகலம் சரியாக ஒரே ஒரு புள்ளி.

இதை எடைபோட, ஒளி எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய நகல் இயந்திரத்தில் தாளின் வெள்ளைப் பகுதி எதிரொளித்த ஒளி, டிரம்மில் அந்தந்த இடத்து மின்னூட்டத்தை வடித்துவிடும். மிஞ்சிய இடத்தில் தூள் ஒட்டும். ஒளியை ஏதாவது மறைத்தால் அங்கே கறுப்புக் கோடு விழும். புள்ளிகளாக எழுதும் இயந்திரங்களில் பெரும்பாலும் தலைகீழ்: ஒளி பட்ட இடத்தில்தான் தூள் ஒட்டும். ஒளி வராவிட்டால் வெள்ளை. ஆக, ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் தாள் முழுக்க ஒளி வரவே இல்லை.

லேசர் அச்சில் இது எளிதில் நடக்காது. செராக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய முறையில், ஒற்றை லேசர் கதிர் சுழலும் பன்முகக் கண்ணாடியில் பட்டு வரிவரியாக டிரம்மைத் தடவுகிறது. அங்கே கதிர் கெட்டால் பக்கம் முழுதும் கெடும். வழியில் தூசி இருந்தால் கோடு அகலமாக, ஓரம் மங்கலாக விழும். ஆனால் எல்.இ.டி. அச்சில் ஓடுகிற பாகமே ஒளிப்பாதையில் கிடையாது. தாளின் அகலம் முழுக்க ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நுண்விளக்கு. ஏ4 அகலத்துக்கு 600 கணக்கில் கிட்டத்தட்ட ஐயாயிரம். தெருவிளக்கு வரிசையில் ஒன்று அணைந்தால் அதன் அடி மட்டும் இருளும். அப்படித்தான் இங்கே ஒரு விளக்கு செத்திருக்கிறது.

எல்.இ.டி.யின் தடம் பழையது. 1907-ல் ஹென்றி ரவுண்ட் சிலிக்கன் கார்பைடில் மின்சாரம் பாய்ச்சியபோது ஒளி கண்டார். 1920-களில் ரஷ்யாவின் ஓலெக் லோசெவ் அதை ஊன்றி ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோனியாக் 1962-ல் செய்தார். அந்த விளக்குகளின் ஒளி சிதறாமல் டிரம்மில் குவிய நுண்வில்லை வரிசை தேவைப்பட்டது. செல்ஃபாக் என்ற அந்தக் கண்ணாடி இழை வில்லை ஜப்பானில் 1968-ல் உருவானது. இவற்றைச் சேர்த்து உலகின் முதல் எல்.இ.டி. அச்சுப்பொறியை 1981-ல் உருவாக்கியதாக ஜப்பானின் ஓகி நிறுவனம் சொல்கிறது. தன் பெருமையைத் தானே சொல்லும் சாட்சி இது. அப்படியே ஏற்கக் கூடாது. ஆனால் என் கணக்குக்கு அது இரண்டாண்டு முன்பின் ஆனாலும் பாதகமில்லை. 600 புள்ளி என்ற சாட்சி எல்லையை ஏற்கெனவே 1992-க்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

மாற்று விளக்கங்களையும் பார்க்க வேண்டும். டிரம்மில் கீறலா? கீறல் மின்னூட்டத்தை ஒழுகவிட்டு இந்த வகை இயந்திரத்தில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் விழும். டோனரை மெல்லப் பரப்பும் தகட்டில் குப்பையா? வெள்ளை விழும், ஆனால் அகலமாக, ஓரம் கலைந்து. மூல ரசீதிலேயே இருந்த மடிப்பா? இதற்குத் தாள் அழகான பதில் வைத்திருந்தது. ரசீது கண்ணாடியில் சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருக்கிறது. வரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்திருக்கின்றன. வெள்ளைக் கோடு சாயவில்லை. தாளின் ஓரத்துக்கு இணையாக நேராக நிற்கிறது. எனவே கோடு ரசீதுடையது அல்ல, கடைசி இயந்திரத்துடையது.

கடைசி இயந்திரத்தின் ஸ்கேனரில் உள்ள பழுதாகவும் இருக்கலாமே? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது கட்டில் இருந்த இன்னொரு தாள், கணினியில் தட்டச்சிட்டு நேரே அச்செடுத்த மனு. ஸ்கேனர் பக்கமே போகாத அந்தத் தாளிலும் இடது ஓரத்திலிருந்து அதே தூரத்தில் அதே கோடு. மனு வன உரிமைக் கோரிக்கை, தேதி 2017. ஒரே கடையில், பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் மனு எழுதிய கடையைப் பெரியவர் நினைவு வைத்திருந்தார். கடைக்காரருக்கு அந்தப் பழைய இயந்திரம் மறக்கவில்லை. "டிரம் மாத்திப் பாத்தேன் சார், தொடச்சும் பாத்தேன், கோடு போகல. ஹெட்டையே மாத்தணும்னாங்க. விலையைக் கேட்டதும் விட்டுட்டேன்" என்றார். ஹெட் என்றால் அந்த நுண்விளக்கு வரிசை.

ஆக நகல் 2017. ரசீதை மறுத்தவர் சொன்னது சரி என்று இங்கே நின்றுவிடலாம். ஆனால் தாளில் கறுப்புப் புள்ளிகள் இரண்டு விதமாக இருந்தன. ஒரு கூட்டம் கூர்மையாக, தாளின் ஓரத்துக்கு இணையாக, 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு அது. சுற்றுக்கு ஒருமுறை அதே பழுது தாளில் விழுந்திருக்கிறது. இதுவும் கடைசி இயந்திரத்தின் கணக்கில்தான் சேரும்.

டிரம்மைப் பற்றி ஒரு சொல், வேட்டைக்குத் தேவையில்லாவிட்டாலும். கார்ல்சனின் கந்தகத்துக்குப் பின் செலீனியம் வந்தது, அதன் பின் கரிமச் சேர்மங்கள். அந்தத் திருப்பத்தின் முக்கியக் காப்புரிமைகளுள் ஒன்று 1981 மே 5-ல் வழங்கப்பட்ட 4,265,990. மின்னூட்டத்தைக் கடத்தும் டைஅமீன் சேர்மம் பற்றியது. அதில் உள்ள மூன்று பெயர்கள் மிலன் ஸ்டோல்கா, ஜான் யானஸ், தாமோதர் பாய். நகல் இயந்திரத்துக்காகச் செய்த அந்த வகைச் சேர்மமே பிறகு கரிம எல்.இ.டி. ஆய்வுக்கும் போனது.  

இரண்டாவது கூட்டப் புள்ளிகளுக்கு வருவோம். இவை மங்கலானவை, ஓரம் கரைந்தவை. இவை தாளோடு இணையாக இல்லை. சாய்ந்த வரிகளோடு சேர்ந்து அதே ஒரு பாகை சாய்ந்திருக்கின்றன. ரசீதைச் சுற்றி, மூடி சரியாக மூடாமல் விழும் கறுப்பு விளிம்பும் அதே சாய்வில் இருக்கிறது. எனவே கடைக்காரர் 2017-ல் கண்ணாடியில் வைத்தது ரசீதை அல்ல, ரசீதின் இன்னொரு நகலை. பழைய வில்லை முறை இயந்திரத்தில் எடுத்ததை. அந்த முதல் நகலின் மூலையில் 'உண்மை நகல்' என்ற சான்றொப்ப முத்திரை, அதற்குள் 'தென்னாற்காடு' என்ற எழுத்துகள். தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டது 1993 செப்டம்பர் 30-ல். கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரத்தோடு போனது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.

அதனால் முதல் நகல் 1993-க்கு முந்தையது என்று அடித்துச் சொல்லமாட்டேன். அலுவலகங்கள் மாவட்டம் மாறிய மறுநாளே ரப்பர் முத்திரையை மாற்றுவதில்லை. சில ஆண்டுகள் தள்ளிக் கொள்ளலாம். ஆனால் 2017-ல் ஒருவர் புதிதாகப் புனைந்தார் என்றால், வில்லை முறை இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, பழைய முத்திரையையும் தேடிப் பிடித்து, பிறகு கடைக்கு வந்து நகலெடுத்திருக்க வேண்டும். அவ்வளவு பாடு எதற்கு?

என் தீர்ப்பு இவ்வளவே. நகல் புதிது, அது நகலெடுத்த நகல் பழையது. ரசீதில் உள்ள செய்தி உண்மையா என்பதை நுண்ணோக்கி சொல்லாது. அதைப் பசலி 1389-க்கான தீர்வை வரவுப் பதிவேடுதான் சொல்லும். அது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது அரசின் கடமை. வன உரிமை விதிகளில் ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலத்துக்கும் சான்றாக இடமுண்டு என்பதையும் மலைமக்கள் மறக்க வேண்டாம்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புது நகல் எடுத்த கையோடு மங்கிய பழைய நகலைக் கிழித்துப் போடாதீர்கள். பெரியவர் வீட்டில் அது அப்படித்தான் போயிற்று. பழையதையும் புதியதையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு நகலின் பின்பக்கத்திலும் எடுத்த தேதி, கடை, ஊர் மூன்றையும் பேனாவால் எழுதுங்கள்.