வண்டிச் சத்தத்தில் பிறந்த வைத்தியம்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்றொரு ஊர். 1895-இல் அங்கே ரயன் பில்டிங் என்ற கட்டடத்தில் டேனியல் டேவிட் பாமர் ‘காந்த வைத்தியம்’ செய்துகொண்டிருந்தார். தன் உடம்பின் காந்த சக்தியைக் கைவழியே நோயாளிக்குள் செலுத்துவதாகச் சொல்லும் வைத்தியம் அது. 1845-இல் கனடாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பவர், மளிகைக் கடைக்காரர் என்று பல வேலைகளைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தவர்.

அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். 17 வருடமாக அவருக்குக் காது மந்தம். தெருவில் வண்டிகள் கடகடவென்று ஓடினாலும் கேட்காது. ஒரு நாள் இடுக்கான இடத்தில் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது போலிருந்தது, அப்போது போன காதுதான் என்று பாமரிடம் சொன்னார். பாமர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு முள்ளெலும்பு புடைத்து நின்றது. அரை மணி நேரம் பேசி லில்லார்டைச் சம்மதிக்க வைத்து, அந்த எலும்பை அழுத்தித் தள்ளினார். சீக்கிரமே லில்லார்டுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் வைத்தியம் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடப்படும் 1895 செப்டம்பர் 18-இன் கதை இதுதான். எழுதி வைத்தவர் பாமரே.

லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்னது வேறு. அப்பா யாரிடமோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுச் சிரித்த பாமர் கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார், சில நாளில் காது கொஞ்சம் தெளிந்தது என்றார் அவர்.

எது நடந்திருந்தாலும் ஓர் உண்மை மாறாது. கேட்கும் நரம்பு உட்செவியிலிருந்து மண்டையோட்டுக்குள்ளாகவே மூளைத்தண்டைப் போய்ச் சேர்கிறது. முதுகு எலும்புகளுக்கு நடுவே அது வருவதே இல்லை. லில்லார்டுக்குக் காது தெளிந்தது நிஜமாக இருக்கலாம். அதற்குப் பாமர் சொன்ன காரணத்தை உடற்கூறு ஏற்கவில்லை.

இந்த வைத்தியம் முழுமையாக உருவானது அடுத்த நோயாளியிடம்தான். இதயக் கோளாறு என்று வந்த ஒருவருக்கும் முதுகில் எலும்பு விலகியிருப்பதாகக் கண்டு பாமர் சரிசெய்தார். அவருக்கும் குணம் தெரிந்தது. காதும் இதயமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இரண்டுமே எலும்பு நரம்பை நெருக்கியதால் கெட்டன என்றால் மற்ற நோய்களும் ஏன் அப்படி வந்திருக்கக் கூடாது என்று அவர் யோசித்தார். 1910-இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் அந்த யோசனை விதியாகவே நின்றது: நோய்களில் நூற்றுக்கு 95, முள்ளெலும்பு விலகுவதால் வருகின்றன, மீதி, மற்ற மூட்டுகள் விலகுவதால். உடம்பை நடத்தும் ‘உள்ளார்ந்த அறிவு’ ஒன்று நரம்பு வழியே ஓடுகிறது, எலும்பு விலகினால் அது தடைபடுகிறது என்பது அவர் கொள்கை. இரண்டு பேரிடம் கண்டதை உலகத்து நோய்க்கெல்லாம் விரித்த அந்தத் தாவலில்தான் கைரோபிராக்டிக்கின் புகழும் வழக்கும் பிறந்தன.

அன்று மக்கள் ஏன் நம்பினார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. பாதரச உப்பைப் பேதி மருந்தாகக் கொடுத்த டாக்டர்கள் இருந்தார்கள். கத்தியும் மருந்தும் இல்லாமல் கையால் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் ஆறுதலாக இருந்திருப்பார். கைமுறை வைத்தியமும் புதிதல்ல. நம்மூரில் சுளுக்கு எடுப்பவர்களைப் போல மேலை நாடுகளிலும் எலும்பு சரிசெய்பவர்கள் காலங்காலமாக இருந்தார்கள். பக்கத்து மிஸ்ஸூரி மாநிலத்தில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1892-இலேயே ஆஸ்டியோபதி என்ற இன்னொரு கைமுறை வைத்தியத்துக்குப் பள்ளி திறந்துவிட்டார். பாமர் புதிதாகச் சேர்த்தது, நோய்களெல்லாம் எலும்பு விலகுவதால் வருகின்றன என்ற அந்தப் பெரிய கூற்றைத்தான்.

கைரோபிராக்டிக் என்ற பெயரை வைத்தவர் பாமரின் நோயாளியான சாமுவேல் வீட் என்ற பாதிரியார். கை, செயல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைக் கோத்து ‘கையால் செய்வது’ என்ற பொருளில் தந்தார். 1897-இல் பாமரின் பள்ளி தொடங்கியது. 1906-இல், உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாகப் பாமர் சிறைக்குப் போனார். மகன் பி.ஜே. பாமர்தான் தொழிலை ஊரெங்கும் கொண்டுபோனார். எக்ஸ்ரே கருவியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார், வானொலி நிலையமே நடத்தினார். உரிமச் சட்டம் முதலில் 1913-இல் கான்சஸில் வந்தது, கடைசியாக 1974-இல் லூசியானாவில்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த வைத்தியத்தை ஒழிக்க 1963-இல் தனிக் குழுவே அமைத்தது. டாக்டர்கள் கைரோபிராக்டர்களோடு தொழில்முறையில் பழகக் கூடாது என்று தடுத்தது. செஸ்டர் வில்க் முதலான கைரோபிராக்டர்கள் 1976-இல் வழக்குப் போட்டார்கள். அந்தப் புறக்கணிப்பு, போட்டியைத் தடுக்கும் சட்டமீறல் என்று 1987-இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர் தீர்ப்பளித்தார். கைரோபிராக்டர்களுக்கு அது நியாயமான வெற்றி. ஆனால் தொழில் செய்யும் உரிமைக்கு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லலாம். எலும்பைத் தள்ளினால் ஆஸ்துமா போகுமா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

ஆய்வு சொன்னது இது. இடுப்பு வலிக்கு இந்தக் கைமுறை ஓரளவு உதவுகிறது. உடற்பயிற்சி போன்ற மற்றச் சிகிச்சைகள் தரும் அளவுக்குத் தருகிறது, பெரிதாக அதற்கு மேல் இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் இடுப்பு வலிக்குச் சொன்ன மருந்தில்லா வழிகளில் இதுவும் ஒன்று. ‘படக்’கென்று கேட்கும் சத்தத்தையும் எலும்பு இடத்துக்கு வந்த சத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதுபோல, மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குழி உண்டாவதோடு சேர்ந்து வருவது அது. விலகிய முள்ளெலும்பே நோய்க்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பே 2010-இல் அறிவித்தது. கழுத்தைச் சட்டென்று திருப்பிய பிறகு தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் கழுத்தைக் கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2008-இல் பிரிட்டனில் சைமன் சிங் என்ற எழுத்தாளர், குழந்தைகளின் வயிற்றுவலி, ஆஸ்துமா, காதுத் தொற்று ஆகியவற்றுக்கு இந்த வைத்தியம் உதவும் என்று சொல்ல ஆதாரமில்லை என்று எழுதினார். கைரோபிராக்டர் சங்கம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டு, 2010-இல் கைவிட்டது. அந்த வழக்கு எழுப்பிய கோபம், 2013-இல் அவதூறுச் சட்டம் திருத்தப்படுவதற்கும் ஒரு காரணமாயிற்று.

அந்தப் பட்டியலில் காது இருப்பதைப் பாருங்கள். லில்லார்டின் காதில் தொடங்கிய நம்பிக்கை, 113 வருடம் கழித்துக் குழந்தையின் காதில் வந்து நின்றது. இடுப்பு பிடித்துக்கொண்டவர் தேர்ந்த கைகளை நாடலாம், அதில் தவறில்லை. குழந்தைக்குக் காதில் சீழ் வந்தால் காது டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். காதின் நரம்பு முதுகு வழியாக வருவதில்லை.