‘எனது அரசு’ என்று சொல்வது யார்?

 

‘நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் ஆற்றும் உரை சடங்கா? சாசனமா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “வருஷா வருஷம் ஒருத்தர் வர்றாரு. யாரோ எழுதிக் கொடுத்த தாளைப் படிக்கிறாரு. எல்லாரும் மேசையைத் தட்டுறாங்க. அவர் போயிடுறாரு. கல்யாணத்துல மந்திரம் சொல்ற மாதிரி. மாப்பிள்ளைக்கும் புரியாது, பொண்ணுக்கும் புரியாது” என்றார். நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, மந்திரம் புரியவில்லை என்பதற்காகக் கட்டின தாலி செல்லாது என்று ஆகிவிடுமா? தைரியம் இருந்தால் வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

நான் சாசனம் என்கிற அணியில் பேச வந்திருக்கிறேன். என் கட்சியை ஒரு டெலிவிஷன் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1989ஆம் வருஷம், டிசம்பர் 20. அப்போது நான் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். அப்பா அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் வாத்தியார் வீட்டில் மட்டும்தான் டி.வி. இருந்தது, கறுப்பு வெள்ளை. ஒருத்தர் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். கீழேயிருந்து இன்னொருத்தர் “போதும், போதும், கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று கத்த வேண்டும். இங்கே இருக்கிற பாதிப் பேர் அந்த வேலை பார்த்தவர்கள்தானே? (சிரிப்பு)

நம் நாட்டில் குடியரசுத் தலைவரின் உரை முதன்முதலாக டெலிவிஷனில் நேரடியாக வந்த நாள் அது. வாசித்தவர் யார் தெரியுமா? தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். வக்கீல். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். காமராஜர் காலத்தில் நம் மாநிலத்துக்குத் தொழில் அமைச்சர். அவர் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நின்று, ‘எனது அரசு அதைச் செய்யும், எனது அரசு இதைச் செய்யும்’ என்று ஆங்கிலத்தில் படிக்கிறார். நான் அப்பாவுக்குத் தெரிந்த அளவு தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திடீரென்று அப்பா கேட்டார்: “ஏன்டா, இந்த வருஷ ஆரம்பத்துல ராஜீவ் காந்தி கவர்மெண்டு. அப்பவும் இவருதான ‘எனது அரசு’ன்னு படிச்சாரு? பேப்பர்ல வந்துதே. இப்ப வி.பி. சிங் கவர்மெண்டு. இப்பவும் ‘எனது அரசு’ங்கறாரு. மனுஷனுக்கு நாக்கு ஒண்ணுதானடா?”

நடுவர் அவர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணம் படித்தவன் நான். ஆனால் பேசுகிறவரைக் குறிக்காத ஒரு தன்மை எந்த இலக்கண நூலிலும் இல்லையே!

அந்த ‘எனது’ எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அங்கே அரசர் தன் மனதில் இருந்ததை நாடாளுமன்றத்தில் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகள் கைக்குப் போனது. சிம்மாசனம் அப்படியே இருந்தது, கிரீடமும் அப்படியே இருந்தது. கையிலிருந்த தாள் மட்டும் மாறிவிட்டது! மந்திரி சபை எழுதுகிறது, அரசர் வாசிக்கிறார். 1958இல் எலிசபெத் ராணி வாசித்ததை டெலிவிஷனில் காட்டினார்கள். ராணி சொன்ன ‘எனது அரசு’, ராணி தேர்ந்தெடுத்த அரசு அல்ல, ஜனங்கள் தேர்ந்தெடுத்த அரசு.

இது வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு என்கிறீர்களா? நம்ம திண்டிவனத்துக்கு வாருங்கள். பக்கத்தில் ஓமந்தூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் முதல்வராக ஆனார். பிரீமியர் என்பது அப்போதைய பேர். அன்றைக்குக் கவர்னர் நாற்காலியில் யார் இருந்தது? ஆர்ச்சிபால்ட் நை என்கிற ஆங்கிலேயத் தளபதி. ஆட்சி கவர்னர் பேரில்தான் நடந்தது. ஆனால் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் இவையெல்லாம் யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன? ஓமந்தூரார் கணக்கில்! பேர் ஒருத்தருக்கு, பொறுப்பு இன்னொருத்தருக்கு. இந்த ஏற்பாடு நம் மண்ணுக்குப் புதுசு இல்லை.

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. அதில் 87ஆவது பிரிவு. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் குடியரசுத் தலைவர் வந்து உரையாற்ற வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். 1951இல் முதல் திருத்தம் கொண்டுவந்து, வருஷத்தின் முதல் கூட்டத்தொடருக்கும், பொதுத்தேர்தல் முடிந்து கூடும் முதல் கூட்டத்தொடருக்கும் போதும் என்று ஆக்கினார்கள். முதல் பொதுத்தேர்தல் முடிந்து, 1952 மே 16ஆம் தேதி பாபு ராஜேந்திர பிரசாத் உரையாற்றினார். தஞ்சாவூர்த் தொகுதியிலிருந்து தேர்வாகி அந்த முதல் மக்களவையில் உறுப்பினராக இருந்தவர்தான் நம் வெங்கட்ராமன். 37 வருஷம் கழித்து அதே இடத்தில் அவரே நின்று வாசிக்கிறார், நாடே வீட்டிலிருந்து பார்க்கிறது!

1987 ஜூலை முதல் 1992 ஜூலை வரை அவர் பதவியில் இருந்தார். அந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பிரதமர்? ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ். நாலு பேர்! நாலு அரசுக்கும் ஒரே வாய் ‘எனது அரசு’ என்றது. அதிலும் 1991இல் நடந்ததைக் கேளுங்கள். வருஷத் தொடக்கத்தில் சந்திரசேகர் அரசுக்காக உரையைப் படித்து முடித்தார். அதற்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் அவையில் இருக்கும்போதே, மார்ச் 6ஆம் தேதி சந்திரசேகர் ராஜினாமா செய்துவிட்டார். கடுதாசி வந்து சேர்ந்தது, பதில் எழுதுவதற்குள் கடுதாசி போட்டவர் வேலையை விட்டுவிட்டார்! (சிரிப்பு)

கடுதாசி என்று ஏன் சொல்கிறேன்? அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அப்பாவிடமே இருந்தது. வாத்தியார் வீட்டிலிருந்து திரும்பும்போது, பாதி வழியில் நின்று சொன்னார்: “டேய், புரிஞ்சுபோச்சுடா. அவரு தபால்காரரு!”

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே பையன் ராணுவத்தில். மாதம் ஒரு இன்லேண்டு லெட்டர் வரும். திண்ணையில் உட்கார்ந்து அப்பாதான் படித்துக் காட்டுவார். ‘அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். நான் பணம் அனுப்பியிருக்கிறேன்.’ நான், நான் என்று படிக்கிறவர் அப்பா. ஆனால் எந்த ஆயாவாவது, “ஏம்பா தபால்காரா, நீ எப்ப எனக்குப் பணம் அனுப்பின?” என்று கேட்குமா? அந்த ‘நான்’ யாருடையது என்று படிக்கத் தெரியாத கிழவிக்குத் தெரியும். சட்டம் படித்த எதிரணி நண்பருக்குத்தான் சந்தேகம்! (கைதட்டல்)

ஒரு மார்கழி மாதம். வந்த கடிதத்தில், ‘லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்கு வர முடியாது’ என்று ஒரு வரி. ஆயாவின் முகத்தைப் பார்த்தார் அப்பா. மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்துவிட்டு வந்துவிட்டார். நல்ல எண்ணம்தான். என்ன ஆயிற்று? போகி அன்றைக்குக் காலையிலேயே எள்ளுருண்டைத் தூக்கோடு ஆயா மயிலம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. விழுப்புரம் பாசஞ்சர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறது. விஷயம் தெரிந்து அப்பா சைக்கிளில் ஓடினார். உண்மையைச் சொன்னார்.

ஆயா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது: “தம்பி, நீ நல்லவன்தான். எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் விட்ட. ஆனா அது எம்புள்ள எனக்கு எழுதுன கடுதாசி. அதுல கூட்டவும் கொறைக்கவும் உனக்கு ஏது பாத்தியத?”

அன்றிலிருந்து அப்பா ஒரு எழுத்தைக்கூட விட்டுப் படித்ததில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கம்மிவிடும்.

நடுவர் அவர்களே, ஆயா கேட்ட அதே கேள்வியை இந்த நாடும் கேட்டிருக்கிறது. குடியரசுத் தலைவருக்கு 87 என்றால், மாநிலத்தில் கவர்னருக்கு 176ஆவது பிரிவு. 1967இல் மேற்கு வங்காளத்தில் ஐக்கிய முன்னணி அரசைக் கவர்னர் தரம் வீரா நீக்கினார். 1969 தேர்தலில் அதே முன்னணி ஜெயித்துத் திரும்பி வந்தது. கவர்னர் உரையில் அந்த நீக்கத்தையே கண்டித்து எழுதிக் கொடுத்தது! அவர் அந்த இரண்டு பத்திகளை விட்டுவிட்டுப் படித்தார். பெரிய ரகளை ஆயிற்று.

2020 ஜனவரியில் கேரளத்தில் இன்னொரு மாதிரி நடந்தது. குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்க்கும் பத்தி வந்தபோது கவர்னர் ஆரிப் முகமது கான், இதில் தனக்கு உடன்பாடில்லை, முதலமைச்சரின் விருப்பத்தை மதித்து வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படித்தார். பிடிக்காத கடுதாசியையும் முழுசாகப் படித்த தபால்காரர்! அதே கவர்னர் 2024 ஜனவரியில் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போனார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானே ஒரு வரியை விட்டுவிடக் கூடாதல்லவா? (சிரிப்பு)

நம் சட்டமன்றத்திலும் 2023 ஜனவரி 9ஆம் தேதி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கவர்னர் ஆர்.என். ரவி சில வரிகளை விட்டுப் படித்தார். அச்சிட்டுக் கொடுத்தது மட்டும்தான் அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். கவர்னர் பாதியிலேயே வெளியேறினார். அவர் பக்கம் ஒரு காரணம் சொன்னார்கள், அரசு பக்கம் ஒரு காரணம் சொன்னார்கள். கட்சி பேச இது மேடையில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்தக் கவர்னர் இருந்தாலும், ஆயா கேட்ட கேள்வி பொது.

இப்போது எதிரணி நண்பர் எழுந்து கேட்பார்: “சரி ஐயா, கடுதாசியிலே பொய் இருந்தால்? செய்யாததைச் செய்தேன் என்று எழுதியிருந்தால்? அதையும் அவர் படிக்கணுமா?” படிக்கணும்! ஏனென்றால் அதற்குப் பதில் கடுதாசி இருக்கிறது.

ஆயா பதில் எழுதச் சொல்லும்போது பாருங்கள். “பணம் வந்துச்சுன்னு எழுது. அந்த நூறு ரூவா வரலைன்னும் எழுது. வாய்க்கா தகராறு பத்திக் கேட்டிருந்தேனே, அதுக்கு ஏன் ஒரு வார்த்தை எழுதலன்னு கேளு.” இதற்குத்தான் நாடாளுமன்றத்தில் நன்றி தெரிவிக்கும் தீர்மானம் என்று பேர். பேர்தான் நன்றி. உள்ளே நடப்பது கணக்குக் கேட்பது. எந்த உறுப்பினரும் திருத்தம் கொடுக்கலாம்: ‘உரையில் இன்ன குறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதற்கு வருந்துகிறோம்’ என்று. மக்களவையில் இந்தத் தீர்மானத்தில் தோற்றால் அரசு நிலைக்க முடியாது.

மாநிலங்களவையில் ஐந்து முறை அரசு விரும்பாத திருத்தம் நிறைவேறியிருக்கிறது. 1980, 1989, 2001, 2015, 2016. கவனித்தீர்களா? 1989! அப்பாவும் நானும் வாத்தியார் வீட்டில் பார்த்தோமே, அதே உரை! வி.பி. சிங் அரசுக்கு மாநிலங்களவையில் பலம் இல்லை. ஒன்பதே நாளில், டிசம்பர் 29ஆம் தேதி அவை திருத்தத்தோடு பதில் கொடுத்தது.

2016இல் என்ன திருத்தம் தெரியுமா? ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் இத்தனாவது வகுப்பு படித்திருந்தால்தான் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். எல்லாக் குடிமக்களும் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் உரிமையைக் காப்பது பற்றி உரையில் ஒன்றும் இல்லையே என்று வருந்தி நிறைவேறிய திருத்தம் அது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாவுக்காக டெல்லியில் எழுதப்பட்ட வரி என்று நான் அதை நினைத்துக்கொள்கிறேன். (கைதட்டல்) இந்தத் திருத்தத்தால் அந்தச் சட்டம் மாறிவிடாது, உண்மைதான். ஆனால் ‘நீ எழுதாமல் விட்டது எனக்குத் தெரியும்’ என்று பதிவாகிவிட்டதல்லவா?

எதிரணி நண்பர்களே, சடங்கு என்றால் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் கேட்கிற எழுத்தைத்தான் நான் சாசனம் என்கிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு திண்டிவனம் என்ற பேரில் நமக்கு மக்களவைத் தொகுதி இருந்தது. 2009 தேர்தலிலிருந்து விழுப்புரம் பேரில் இருக்கிறது. பேர் எதுவானாலும் உங்கள் பதிலை எடுத்துக்கொண்டு ஒருத்தர் டெல்லிக்குப் போகிறார். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்? அடுத்த முறை டி.வி.யில் குடியரசுத் தலைவர் உரை வரும்போது சேனலை மாற்றாதீர்கள். நம் ஊர் விஷயம் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், “ஐயா, நீங்க திருத்தம் குடுத்தீங்களா?” என்று உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்.

எங்கள் அப்பா இப்போது இல்லை. அந்த ஆயாவும் இல்லை. இரண்டு பேரும் அரசியல் சட்டம் படித்தவர்கள் இல்லை. வாசிக்கிறவர் ஒரு வரியையும் விடக் கூடாது, கேட்கிறவர் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். 87ஆவது பிரிவின் சாரமும் அதுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, குடியரசுத் தலைவர் உரை சாசனமே, சாசனமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.