கொள்ளிடப் படுகைகள்: வெள்ளமும் உழவும்

காவிரியின் வடகிளையான கொள்ளிடம் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பிரிந்து, பழையாறு அருகே கடலில் கலக்கிறது. கடைமடையில் கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இதுவே எல்லை. இதன் இரு கரைகளுக்கும் நடுவே ஆற்றுக்குள்ளேயே அமைந்த மேட்டு நிலங்களைப் படுகை என்றும் திட்டு என்றும் சொல்வார்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், திட்டுக்காட்டூர் என்ற ஊர்ப்பெயர்களே அந்த மண்ணின் பிறப்பைச் சொல்லிவிடும்.

கொள்ளிடம் வெள்ளத்துக்கென்றே விடப்பட்ட ஆறு. பெருக்கைக் கொள்ளும் இடம் என்பதே பெயர்க்காரணம். காவிரியைவிடத் தாழ்ந்து கிடப்பதால் தண்ணீர் தானாகவே இதன் பக்கம் சாயும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணாகாமல் காத்தது. மிஞ்சியதை மட்டும் அதில் வழியவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணல்மூடிப் போக, தஞ்சை வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன. ஆர்தர் காட்டன் வகுத்த திட்டப்படி 1830-களில் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. கீழணையில் தேங்கிய நீர் வடவாறு வழியே வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் வழியே வயல்களுக்கும் போயிற்று. ஆனால் பழைய ஏற்பாடு மாறவில்லை: வேண்டிய நீர் காவிரிக்கு, வேண்டாத நீர் கொள்ளிடத்துக்கு. 1924 ஜூலைப் பெருவெள்ளம் டெல்டாவை உலுக்கிய மறு ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கி, 1934-இல் முடிந்தது. 93.47 டிஎம்சி கொள்ளும் அந்த அணை நிரம்பும்வரை படுகைக்குப் பெரிய கவலையில்லை. நிரம்பிவிட்டால், வருவதெல்லாம் கீழேதான் வரும்.

ஆடி, ஆவணியில் வரும் இந்த வெள்ளத்துக்கு உள்ளூர் மழை காரணமில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கர்நாடக அணைகளும் மேட்டூரும் நிறைந்தால், படுகையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். 2018, 2022, 2024 ஆகஸ்டுகளில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது. 2018-இல் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளே அடித்துக்கொண்டு போயின.

படுகையில் கத்தரி, வெண்டை, வாழை, முல்லை, மல்லிகை எல்லாம் விளையும். ஒருகாலத்தில் வெள்ளமே கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் இந்தச் செழிப்புக்குக் காரணம். நாற்று ஊன்றிய நெல் சில நாள் மூழ்கினாலும் தலைதூக்கும். முல்லைக்கு அந்தத் தெம்பு கிடையாது. மூன்று நான்கு நாள் வேரில் தண்ணீர் நின்றால் இலை பழுத்து உதிரும், வேர் அழுகும். விடியலில் பெண்கள் கிள்ளும் அரும்பு அன்றைக்கே காசாகி, மளிகைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆகும். செடி போனால் அந்த அன்றாடக் காசு நின்று, காதிலிருப்பது அடகுக்குப் போகிறது. வெண்டையை மறுபடி விதைத்தால் காய்க்க 45 நாளாவது வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மாடுகளைக் கரைமேல் ஓட்டிக் கட்டிவிடலாம், வைக்கோற்போரைத் தூக்கிப்போக முடியாது. நனைந்து முடைநாற்றம் எடுத்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தீவனம் விலைக்கு வாங்க வேண்டும், பாலும் குறையும்.

2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி 33 விழுக்காடாவது பயிர் அழிந்திருந்தால், பாசன நிலத்துக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என்று இருந்தது. 2 எக்டேர்தான் உச்சவரம்பு. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பெயர் இருக்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் பாடுபடுபவருக்குப் பட்டா இல்லை. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவருக்குச் சீட்டு இல்லை. நட்டம் முழுக்க இவர்களுடையது, நிவாரணம் மட்டும் வேறு பெயருக்குப் போவது பெரும் அநீதி.

வெள்ளம் இல்லாத நாளிலும் நிம்மதியில்லை. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்ததால், கோடையில் கடல்நீர் உள்ளேறி நிலத்தடி நீர் உவர்ந்துவருகிறது. இதைத் தடுக்க ஆதனூர், குமாரமங்கலம் இடையே கதவணை கட்டப்பட்டுள்ளது. பெருக்கு வந்தால் அதன் கதவுகளையும் திறந்தே ஆகவேண்டும்.